தோட்டத்துக் கல்யாணங்கள் ஏன் முறிகின்றன: பரிசம் போடப் போகும் ஒரு தங்கச்சிக்கு

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 24. முன்பள்ளியில் படிப்பிக்கிறார். வருகிற தை மாதம் பரிசம் போடப் போகிறார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். கல்யாணத்துக்குப் பிறகு இவர் பொகவந்தலாவையில், மாப்பிள்ளையின் அம்மா அப்பாவோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்க வேண்டுமாம். இவருடைய அக்காவின் கல்யாணம் மூன்றே வருடத்தில் முறிந்துவிட்டது. அதே லயத்தில் இன்னும் இரண்டு ஜோடி பிரிந்திருக்கிறார்கள். பெரியவர்களைக் கேட்டால் "எல்லாம் ஃபோனால் வந்த வினை", "லவ் பண்ணிக் கட்டினால் இப்படித்தான்" என்கிறார்களாம். "உண்மையில் ஏன் பிரிகிறார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது" என்பது கேள்வி.

தங்கச்சி, பயப்படுவது நல்லதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பயப்படாதவர்களைத்தான் நான் பிற்பாடு அதிகமாகச் சந்தித்திருக்கிறேன்.

நான் தோட்டப் பள்ளிக்கூடங்களில் 31 வருடம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் மத்தியஸ்த சபையில் இருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. சனி ஞாயிறுகளில் ஏதாவது பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து காணிச் சண்டை, கடன் சண்டை, வாய்ச் சண்டை எல்லாவற்றையும் கேட்போம். விவாகரத்துக் கொடுக்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. ஆனாலும் புருஷன் பெண்சாதி சண்டை, "மாமியார் ஏசிவிட்டார்", "நகையைத் திருப்பித் தரவில்லை" என்று வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும்.

அங்கே உட்கார்ந்து நான் கற்றது இதுதான். முதல் பத்து நிமிடத்தில் சொல்லப்படுவது எப்போதும் கடைசிக் காரணம். கொழுந்துக் கூடைக் கயிறு அறுந்தால் அன்றைக்கு ஏற்றிய பாரத்தைத்தான் திட்டுவோம். அது எத்தனை மாதம் மழையில் ஊறி நைந்திருந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. குடி, ஃபோன், இன்னொருத்தி என்று ஊர் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசி நாள் பாரம். முதல் காரணம் ஒன்றரை மணி நேரம் கழித்து, எல்லோரும் களைத்துப்போன பிறகு, தற்செயலாக வாயிலிருந்து வரும்.

கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், சொல்லும் காரணம் இன்னும் மோசம். நமக்குப் பொருந்துவது 1907 ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதன்படி விவாகரத்துக்கு மூன்று காரணங்கள்தான்: கல்யாணத்துக்குப் பிறகு இன்னொருவரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, கல்யாணம் நடக்கும்போதே இருந்த, தாம்பத்தியத்துக்கு இடம் தராத தீராத உடற்குறை. "எங்களுக்கு ஒத்துவரவில்லை ஐயா, இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துவிட்டோம்" என்றால் மாவட்ட நீதிமன்றம் அதை ஒரு காரணமாக எடுக்காது. யாராவது ஒருவர் குற்றவாளி ஆகியே தீர வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே டவுனில் நமக்குப் பக்கத்துக் கடை வைத்திருக்கும் கண்டிச் சிங்களவர் கண்டியச் சட்டத்தில் பதிந்து கட்டியிருந்தால், 1952 ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பேரும் சம்மதித்து, கோட்டுக்கே போகாமல் மாவட்டப் பதிவாளர் முன்னால் பிரிந்துகொள்ளலாம். ஒரே மலை, ஒரே மழை, சட்டம் மட்டும் வேறு. இதனால் என்ன ஆகிறது என்றால், லோயர் "கைவிட்டுப் போனார்" என்று எழுதுகிறார், இரண்டு வீட்டாரும் அதையே நம்ப ஆரம்பிக்கிறார்கள், பத்து வருடம் கழித்துப் பிள்ளை அந்தக் கடதாசியைப் படித்து இதுதான் நடந்தது என்று நினைக்கிறது. ஆகவே யாருடைய வழக்கைக் காட்டியும் "இன்ன காரணத்தால் முறிந்தது" என்று யாராவது சொன்னால் பாதியைத்தான் நம்புங்கள்.

சரி, முதல் காரணங்களுக்கு வருவோம். என் கணக்கில் மலையகத்தில் அவை பெரும்பாலும் இரண்டு இடங்களில் கிடக்கின்றன. ஒன்று, இரண்டு பேரும் தனியாக இருக்க ஒரு மூலைகூட இல்லாத வீடு. மற்றது, இரண்டு பேரும் ஒன்றாகவே இருக்க முடியாத தூரம். இடையில் இருக்க வேண்டிய அளவான இடைவெளி மட்டும் நம் ஆட்களுக்கு வாய்ப்பதே இல்லை.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். பழைய லயக் காம்பரா, அதாவது அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் புகை பிடித்த குசினி. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிடைக்காதவர்கள் மூன்று தலைமுறையாக அந்தப் பத்துக்குப் பன்னிரண்டில்தான் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் செய்து வைக்கிறார்கள்.

ஒரு மழைச் சனிக்கிழமை. இருபத்தாறு வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. புருஷன் குடித்துவிட்டு வந்து சட்டிபானையை உடைக்கிறார் என்று முறைப்பாடு. அந்தப் பையன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். பிள்ளை அரை மணி நேரம் பேசியது. மாமியார் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு அவரைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினோம். எங்களோடு இருந்தவர் ஒரு பழைய கணக்கப்பிள்ளை, அதிகம் பேசாதவர். "ஏன்டா குடிக்கிறாய்" என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: "வீட்டில் யார் யார் எங்கே படுக்கிறீர்கள்?"

அந்த இரண்டு பேரும் அன்றைக்கு முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிள்ளை மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டியது. இந்தப் பக்கம் மாமாவும் மாமியும். காலடியில் ஏ.எல். படிக்கிற நாத்தனா. நடுவில் ஒரு பழைய சேலை கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் இவரும் குழந்தையும். புருஷன் இஸ்தோப்பில், உரச் சாக்கை விரித்துக்கொண்டு. மாமாவுக்கு இருமல், ராத்திரி முழுக்க முழிப்பு. "கல்யாணம் முடிந்து நாலு வருஷம் டீச்சர். ஒரு நாள்கூட நாங்கள் ரெண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததில்லை" என்று சொல்லிவிட்டு அழுதது. அவனைக் கேட்டோம். எல்லோரும் படுத்த பிறகு வீட்டுக்குப் போவதற்காகத்தான் தவறணையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றான். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, குடிக்கிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம். ஆனால் அந்தச் சேலைத் திரை பொய் சொல்லாது.

புத்திமதி சொல்லவில்லை. தோட்டத்து ஒஃபீசில் கேட்டு, குசினிக்குப் பின்னால் தகரம் அடித்து ஒரு அறை இறக்கிக்கொள்ள வழி பார்த்தோம். ஒரு வருடம் கழித்து அட்டன் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றேன். "இப்போ நல்லா சண்டை பிடிக்கிறோம் டீச்சர். ஆனால் நாங்கள் மட்டும்" என்று சிரித்தது.

இதில் மாமியாரை வில்லியாக்கப் பார்க்காதீர்கள். அவரும் தன் வயதில் அதே சேலைக்கு இந்தப் பக்கம் படுத்தவர்தான். சண்டையில் அவர் தலையிடுகிறார் என்று சொல்கிறோம். தலையை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பார், நாலடி தூரத்தில் படுத்திருக்கிறார்! அதோடு, பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் ஒரு அரைச் சுவர்தான். ராத்திரி ஒன்பதுக்குச் சொன்ன சொல் காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது நம்மிடமே திரும்பி வரும், கொஞ்சம் கை கால் முளைத்து. சமாதானமாகப் போக நினைத்தவர்கள்கூட ஊர் பார்க்கிறதே என்று வீராப்பு விட முடியாமல் நின்றதை எத்தனையோ தடவை பார்த்தேன்.

அடுத்தது நேரம். இதை யாரும் ஒரு காரணமாகவே சொல்வதில்லை. கொழுந்து எடுக்கிற பெண் காலை நாலரைக்கு எழும்புகிறார். ரொட்டி தட்டி, சோறு பொங்கி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டு, ஏழு ஏழரைக்கு மலைக்குப் போகிறார். பதினாறு, பதினெட்டு கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கணக்கு. குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். கடைசி நிலுவை முடிந்து வீடு வர ஐந்து மணி. ஆண்களுக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தோ மருந்து அடிப்போ, கொடுத்த கணக்கு முடிந்தால் பல தோட்டங்களில் மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த மூன்று மணி நேர வித்தியாசத்துக்குள் எத்தனை கல்யாணம் விழுந்து கிடக்கிறது தெரியுமா? அவர் குளித்து, படுத்து எழும்பி, கடையடியில் நின்று பேசிவிட்டு வருவார். இவர் ஈரச் சாக்கோடு வந்து விறகு பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, இராச் சமையல் முடிப்பார். ஒன்பது மணிக்கு அவருக்குப் பேச ஆசை வரும்போது இவருக்குக் கண் சொருகும். "என்னை மதிப்பதில்லை" என்று அவர் சபையில் சொன்ன முறைப்பாட்டின் பெரிய பாதி இந்தத் தூக்கம்தான். நான் ஆண்களைக் குறை சொல்லவே இதை எழுதவில்லை. அந்த மூன்று மணிக்குள் ஒரு பானை சோறு வைத்துவிட்டால் போதும் என்பதை எந்தத் தகப்பனும் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

பிறகு சம்பளம். முந்தி எத்தனையோ தோட்டங்களில் பெண்சாதியின் சம்பளத்தையும் புருஷன் கையிலேயே எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது பேங்கில் போடுகிறார்கள், எல்லாம் மாறிவிட்டது என்று நினைப்போம். சம்பளம் விழுந்த அடுத்த நாள் டவுனில் பேங்க் வாசலைப் போய்ப் பாருங்கள். ஆண்கள் இரண்டு இரண்டு கார்டோடு நிற்பார்கள். ஒரு கார்டின் உறையில் நாலு இலக்கம் பேனையால் எழுதியிருக்கும். அது பெண்சாதியின் கார்டு. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. அதற்காக எத்தனை போராட்டம், எத்தனை மேடை! அந்தக் காசு கடைசியில் யார் சட்டைப்பைக்குப் போகிறது என்று ஒரு மேடையிலும் யாரும் பேசி நான் கேட்கவில்லை.

ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும். எங்கள் மேசையில் முறைப்பாட்டுக் கடதாசியை வைக்கவில்லை, முந்தானையில் முடிந்திருந்த கார்டை அவிழ்த்து வைத்தார். "இதை அவர் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதுக்குத்தான் அடித்தார்." பதினாறு வருடக் கல்யாணம். ஊரில் அதற்குச் சொன்ன காரணம், "அந்த அம்மாவுக்குத் திமிர்."

கிழமைக் கடனும் இதே கதைதான். குழுவாகச் சேர்த்துப் பெண்களின் பெயரில் கொடுப்பார்கள், வீட்டில் எதற்குச் செலவாகிறது என்பது வேறு விஷயம். அறவிட வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தேயிலைக்குள் பதுங்குகிறவர் பெண்சாதி. வீட்டுக்குள் நுழைந்தால் "நீதானே கையெழுத்து வைத்தாய்" என்று கேள்வி கேட்கப்படுகிறவரும் அவர். கல்யாண மண்டபத்துக்கும் வீடியோக்காரருக்கும் வாங்கிய கடன் கல்யாணத்தைவிட அதிக காலம் உயிரோடிருந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

இனித் தூரம். பிரிவு நமக்குப் புதுசா என்ன? 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று ஆனது. தலைமன்னாரில் கப்பல் ஏறப் போன ரயிலை இன்னும் சில கிழவிகள் "அழுகிற கோச்சி" என்கிறார்கள். அந்தக் காலத்தில் பிரித்தது அரசாங்கம், அதனால் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இப்போது பிரிக்கிறது பஞ்சம். ஆனால் குற்றம் மட்டும் புருஷன் மேல் அல்லது பெண்சாதி மேல் விழுகிறது.

குவைத்தில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். போகும்போது சின்னவனுக்கு இரண்டு வயது. 2013 இல் வெளிநாடு போகிற பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போக முடியாது என்றெல்லாம் சட்டம் கொண்டுவந்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். இவர் போனது அதற்கு முன்னால். மாதா மாதம் காசு வந்தது. வீடு எழும்பியது, அதாவது தூண் எழும்பியது, தூணுக்கு மேலே கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு நாள் இரண்டு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். நீடோ பால்மா, டேங் பானத் தூள், கம்பளி, மாமியாருக்கு டைகர் பாம். லயமே கூடி நின்றது. சின்னவன் அப்பாயியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யார் இந்த ஆன்ட்டி?" என்று அப்பாயியைக் கேட்டான்.

பிறகு ஊர் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். "அவன் காசையெல்லாம் குடித்து அழித்தான்", "அவளுக்கு அங்கே ஒருத்தன் இருந்தான்." இரண்டும் இல்லை. நான் அவர்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்து கேட்டவள். அந்தப் பெண் கேட்டது கணக்கு: "ஏழு வருஷக் காசு, நாலு தூண்தானா?" புருஷனுக்கு அந்தக் கேள்வியே அவமானமாகிவிட்டது. ஏழு வருடம் காய்ச்சலுக்கு மருந்து எடுத்தது, பள்ளிக்கூடம் அனுப்பியது, தன் அம்மாவுக்கு ஓபரேஷன், தங்கச்சி கல்யாணம் என்று அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது, ஆனால் எழுதி வைக்கவில்லை. இருவரும் நல்ல மனிதர்கள். ஏழு வருடத்தில் இருவருமே வேறு ஆட்களாகிவிட்டிருந்தார்கள், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. மூன்றாம் மாதம் அந்தப் பெண் மறுபடியும் ஏஜென்சிக்குப் போனார். அந்தக் கல்யாணம் கோட்டில் முறியவே இல்லை. இன்றைக்கும் பதிவில் அவர்கள் புருஷன் பெண்சாதிதான்.

கொழும்பு தூரம் கொஞ்சம் வேறு மாதிரி. கடையில் வேலை செய்கிற பையனுக்கு மாதத்தில் இரண்டு நாள் லீவு. ஒரு நாள் பஸ்ஸிலும் அம்மாவோடும் போகும். மறுநாள் பெண்சாதியோடு. அந்த ஒரு நாளைக்குள் ஒரு மாதச் சண்டையையும் பிடித்து, சமாதானமாகி, சந்தோஷமாகவும் இருந்துவிட வேண்டும். முடியுமா? பெரும்பாலும் சண்டையை மட்டும் பிடித்து முடிக்க நேரம் இருக்கும். மீதிக் கதையை ஃபோனில் தொடர்வார்கள்.

அதனால்தான் ஃபோன் மேல் பழி. ஒன்பது மணிக்கு அடித்தபோது ஏன் எடுக்கவில்லை, பத்து மணிக்கு ஏன் ஒன்லைனில் பச்சை எரிந்தது, டிக்டொக்கில் யார் லைக் போட்டது. ஃபோன் வந்த பிறகு சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைக்கத் தொடங்கியது, அவ்வளவுதான். சந்தேகம் அதற்கு முன்பும் இருந்தது, அப்போது கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள். ஃபோனில் உண்மையாகவே இன்னொரு உறவு தொடங்கிய கேஸ்களும் வந்திருக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல், வீட்டில் பேச ஆள் இல்லாமல் போய் வருடக்கணக்கானவர்கள்.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னதைப் படித்துவிட்டு "அப்போ குடி ஒரு காரணம் இல்லையா டீச்சர்?" என்று கேட்பீர்கள். காரணம்தான். மற்றக் காரணங்களுக்கு மருந்தாகத் தொடங்கி, தானே ஒரு நோயாகிவிடுகிற காரணம். போயா நாளில், அதாவது பௌர்ணமி அன்று, சாராயக் கடை பூட்டு. ஆனால் நம் லயங்களில் போயாவுக்கு முந்தின நாளே போத்தல் வந்து இறங்கி, அடுத்த நாள் விலை ஏறி விற்கும். கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், எங்கே கிடைக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். மாப்பிள்ளை பார்க்கும்போது "குடிப்பாரா?" என்று கேட்டு, "எப்பவாவது, விசேஷத்துக்கு" என்ற பதிலோடு திருப்தியாகிறோம். விசேஷம் மாதத்துக்கு எத்தனை என்று கேட்க வேண்டும்.

அடி உதை வேறு வகை. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன், ஏனென்றால் மற்றவற்றுக்கு அறை இறக்கலாம், கணக்கு எழுதலாம், பேசலாம். அடிக்குப் பேச்சு மருந்தில்லை. இதில் எனக்கே ஒரு தப்பு இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு பிள்ளையை, "அவனும் மன்னிப்புக் கேட்டுவிட்டான், அனுசரித்துப் போம்மா" என்று அனுப்பி வைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆறு வாரத்தில் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. எங்களை ஏசவில்லை. "நீங்கள் சொன்னீங்கள் என்றுதான் போனேன்" என்று மட்டும் சொன்னது. அதற்குப் பிறகு அடி என்று ஒரு சொல் வந்தால் நான் சமாதானம் பேசுவதில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை தரும், பன்னிரண்டு மாதம் வரைக்கும். பொலிஸில் பெண்கள் சிறுவர்கள் பிரிவு இருக்கிறது. 1938 என்ற இலக்கத்துக்கு அடித்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும். உங்கள் அக்காவுக்கு இதில் ஏதாவது தேவைப்பட்டிருந்தால், அவர் பிரிந்து வந்ததை முறிவு என்று சொல்லாதீர்கள். தப்பி வந்தார் என்று சொல்லுங்கள்.

லவ் கல்யாணமா, பேசிக் கட்டியதா என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் பெரிய அர்த்தமில்லை. முறிகிற விதம்தான் வேறு. பேசிக் கட்டிய கல்யாணத்தில் சின்னச் சண்டைக்கும் இரண்டு வீட்டாரும் கச்சை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், அதுவும் அத்தை மகன் மாமன் மகள் என்றால் சண்டை தம்பதிகளை விட்டு அண்ணன் தங்கச்சிக்குள் போய்விடும். லவ் பண்ணிக் கட்டியவர்களுக்கு, அதுவும் சாதி மாறியிருந்தால், பெரிய சண்டைக்கும் ஒருவரும் வர மாட்டார்கள். "நீயே தேடிக்கொண்டதுதானே" என்பார்கள். ஒன்று கூட்டம் கூடிச் சாகும், மற்றது ஆளில்லாமல் சாகும்.

பதினாறு பதினேழில் கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டுவது இன்னும் நடக்கிறது. 1995 இலிருந்து பதிவுக் கல்யாணத்துக்கு இரண்டு பேருக்கும் 18 முடிந்திருக்க வேண்டும், ஆகவே "பிறகு பதியலாம்" என்று கோயிலோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் "பிறகு" வருவதற்குள் பையன் கொழும்பில் வேறு வாழ்க்கையில் இருப்பான். வழக்கப்படி நடந்த கல்யாணத்தையும் சட்டம் ஏற்கும்தான், ஆனால் அதை நிரூபிக்கிற பாரம் கைக்குழந்தையோடு நிற்கிற பிள்ளையின் தலையில். பிள்ளைக்குத் தாபரிப்பு கேட்கப் பதிவு இல்லாவிட்டாலும் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதுவும் நீதவான் நீதிமன்றத்தில்தான். குழந்தை இல்லை என்று முறிகிற கல்யாணங்களும் உண்டு. அதைப் பற்றி ஒரு வரி போதும்: நான் பார்த்தவற்றில் டொக்டரிடம் போனது எப்போதும் பெண்சாதி மட்டும்.

எங்கள் வீட்டில் மட்டும் தேனும் பாலும் ஓடியது என்று நினைக்காதீர்கள். என் வீட்டுக்காரரும் நானும் ஒரு தீபாவளிக்கு வாங்கிய அலுமாரியால் ஒன்றரை மாதம் பேசாமல் இருந்தோம். டீச்சர் குவாட்டர்ஸில் இரண்டு அறை இருந்ததால் பிழைத்தோம். அவர் ஒரு அறையில், நான் ஒரு அறையில், அலுமாரி நடு வழியில். லயத்தில் இருந்திருந்தால் மூன்றாம் நாளே தலைவர் வந்து, கோயில் கமிட்டி வந்து, பஞ்சாயத்து வைத்து, யாராவது ஒருவர் பெட்டியைக் கட்டியிருப்போம்.

உங்கள் விஷயம். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது ஃபோனும் இல்லை, லவ்வும் இல்லை. அவர் கொழும்பில், நீங்கள் அவர் அம்மா அப்பாவோடு லயத்தில். நான் சொன்ன இரண்டு கஷ்டமும் உங்களுக்கு முதல் நாளிலிருந்தே காத்திருக்கிறது. அதற்காகக் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பரிசத்துக்கு முன்னால், பெரியவர்களை வைத்துக்கொண்டு அல்ல, அவரோடு தனியாக உட்கார்ந்து நாலைந்து விஷயம் கேளுங்கள். அந்த வீட்டில் நான் எங்கே படுப்பேன்? அண்ணன் குடும்பமும் அங்கேதானா? என் சம்பளக் கார்டு யாரிடம் இருக்கும்? முன்பள்ளி வேலையை நான் விட வேண்டுமா? கொழும்பில் எத்தனை வருடம், பிறகு என்ன? ஒரு அறை இறக்க எவ்வளவு ஆகும், அதைக் கல்யாண மண்டபச் செலவில் குறைக்கலாமா? இவற்றைக் கேட்டால் பெண்ணுக்கு வாய் அதிகம் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

விவாகப் பதிவை முதல் நாளே முடித்து, சான்றிதழில் ஒரு பிரதியை உங்கள் அம்மா வீட்டில் வையுங்கள். எங்கே படுப்பேன் என்ற கேள்வியை மட்டும் கட்டாயம் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் சிரித்தால், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேளுங்கள்.